ஈயத்தாளில் ஒரு லோரிக் கணக்கு

விடையைப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அச்சடிக்கலாம் என்று முதன்முதலில் யாருக்குத் தோன்றியதோ, அந்த மகராசன் என் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பேன். சென்ற மாதம் என் மகள் தன் பிள்ளைகள் இரண்டுக்கும் கணக்குப் பயிற்சிப் புத்தகங்கள் வாங்கி வந்தாள். அவள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை, வீட்டிலேயே பாடம். நீண்ட விடுமுறையில் ஊர்ப் பிள்ளைகள் ஆடித் திரியும்போது இவர்கள் படித்ததை மறந்துவிடக் கூடாதாம். அதற்காகப் பாடப் புத்தகம் போதாதென்று மேலும் ஒரு கட்டு. வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் யானையும் பலூனும். "அம்மா, நீங்க சும்மாதானே இருக்கீங்க, இவங்க போட்டதக் கொஞ்சம் திருத்துங்க. பின்னால விடை இருக்குலா" என்றாள். புரட்டிக்கொண்டே போனேன். கடைசிப் பக்கங்கள் வந்ததும் என் கை நின்றுவிட்டது. தலைவலி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

உங்களுக்கும் என் வயதுதான். நாம் கூடினால் ஜப்பான்காரன் காலத்து மரவள்ளியையும் கோணிச் சாக்கு உடுப்பையும் பேசிச் சிரிக்கிறோம். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் நான் வாய் திறந்து சொன்னதில்லை. இனிமேல் யாருக்குப் பயந்து மூடி வைக்கப் போகிறேன்?

நாங்கள் இருந்தது மலை மேல், தேயிலைத் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில். அப்பா ஃபேக்டரியில் தேயிலைப் பெட்டி அடிப்பவர். பலகையைப் பூட்டி, உள்ளே ஈயத்தாளை விரித்து ஒட்டி, ஆணி அறைவது அவர் வேலை. ஆணிகளை உதட்டுக்கு இடையில் வரிசையாகக் கவ்வி வைத்திருப்பார். அதனால் வேலை நேரத்தில் பேச மாட்டார். நாளாவட்டத்தில் ஆணி இல்லாத நேரத்திலும் அதே வழக்கமாகிவிட்டது. எழுத்து வாசனை கிடையாது, எங்கே போனாலும் கட்டைவிரல்தான்.

அம்மா துரை பங்களாவில் ஆயா. துரையின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதில்லை. ஒரு வெள்ளைக்கார அம்மாள் பங்களாவின் கண்ணாடி அறையில் வைத்தே அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பாள். என் அம்மா பின்னால் உட்கார்ந்து, துரையின் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். ஏழெட்டு வருஷம் அப்படிக் கேட்டதில் அவளுக்கு இங்கிலீஷ் பேச்சு சரளமாக வந்தது, எழுத்துக் கூட்டி வாசிக்கவும் வந்தது. லயத்தில் அது பெரிய காரியம். எங்கள் அம்மாவுக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றும் இல்லை என்று நானும் தம்பியும் நம்பினோம். நான் சொல்லப்போகும் அந்த வருஷம் எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை ஒரே நாளில் குடும்பத்தோடு மலையிறங்கிப் போய்விட்டார். சாப்பாட்டு மேசையில் பாதி ரொட்டி அப்படியே கிடந்ததாம். அறையைப் பெருக்கப் போன அம்மா ஒரு கணக்குப் புத்தகத்தைச் சேலை மடிப்பில் சொருகிக்கொண்டு வந்தாள். பச்சை அட்டை. ஓரத்தில் துரை மகள் பென்சிலால் ஒரு பூனை வரைந்திருந்தாள். வெள்ளிக் கரண்டிகளும் கடிகாரமும் இருந்த வீட்டில் அம்மா எடுத்தது அதை மட்டும்தான். இதை அவளுடைய புத்திசாலித்தனம் என்பதா, பைத்தியக்காரத்தனம் என்பதா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

தோட்டத்துப் பள்ளியை மூடிவிட்டார்கள். வாத்தியார் போன திசை தெரியவில்லை. பள்ளிக் கட்டிடத்தில் ஜப்பான் சிப்பாய்கள் தங்கினார்கள். முதல் வருஷம் திகைப்பிலேயே போயிற்று. இரண்டாம் வருஷம் ஈஸ்டர் முடிந்து, மழை குறைந்து, மலையில் வெயில் கொஞ்சம் தலைகாட்டும் அந்த நாலைந்து மாதத்தில்தான் அம்மா பச்சை அட்டைப் புத்தகத்தை வெளியே எடுத்தாள். வெள்ளைக்காரன் திரும்பி வருவான், பள்ளி திறக்கும், அன்றைக்கு என் மகள் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகக் கூடாது. அவளுடைய நினைப்பு முழுக்க அதுதான்.

எழுதுவதற்குத் தாள் ஏது? சிலேட்டு உடைந்து ரொம்ப நாளாயிற்று. அப்பாதான் வழி கண்டுபிடித்தார். பெட்டிக்கு வெட்டியது போக மிஞ்சும் ஈயத்தாள் துண்டுகளை இடுப்பில் சுற்றிக் கொண்டுவந்தார். அதன் மேல் மழுங்கிய ஆணியால் எழுதினால் பள்ளம் விழும். கரண்டியின் முதுகால் தேய்த்தால் மறைந்துவிடும், மறுபடியும் எழுதலாம். கையெல்லாம் சாம்பல் நிறமாகும், நாக்கில் பட்டால் ஒரு புளிப்பு. தேயிலை வாசனை அதில் ஊறிக்கிடக்கும். தேயிலை வாசனை இல்லாத கணக்கை நான் அந்த வயதில் போட்டதே இல்லை.

புத்தகத்தை அம்மா அடுப்புக்கு மேலே, விறகு காயும் பரணில் ஒளித்து வைத்திருந்தாள். ஒளிக்காமல் முடியுமா? வெள்ளைக்காரன் வீட்டுப் பொருள் யார் கையில் இருந்தாலும் திருட்டு, இங்கிலீஷ் எழுத்து இருந்தால் துரோகம் என்று தண்டோரா போட்டிருந்தார்கள். பங்களாக் கடிகாரத்தைத் தோட்டத்தில் புதைத்து வைத்திருந்த ஒருவரைப் பிரட்டுக் களத்தில், காலையில் ஆள் எடுக்கும் அந்த இடத்திலேயே, பகல் முழுக்க முழங்காலில் நிறுத்தினார்கள். கடைசியில் லோரியில் ஏற்றிப் போனார்கள். அவர் மனைவி மறுநாளும் அதே இடத்தில் வந்து நின்றாள். அவர் திரும்பவில்லை. அதன் பிறகு பரணிலிருந்து ஒரு விறகு நழுவி விழுந்தால்கூட புத்தகம் வெளியே தெரிகிறதா என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

பாடம் மத்தியானம்தான், சிப்பாய்கள் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில். தம்பியை வாசற்படியில் உட்கார வைப்பாள். பூட்ஸ் சத்தம் கேட்டால் அவன் இருமவேண்டும். அவனுக்கு உண்மையிலேயே சளி, ஓயாமல் இருமிக்கொண்டிருப்பான். ஒவ்வொரு இருமலுக்கும் அம்மா புத்தகத்தைப் பாவாடைக்குள் செருகுவாள், மறுபடி எடுப்பாள். இதை இப்போது சொல்லும்போது உங்களுக்குச் சிரிப்பு வரும். அப்போது எங்களுக்கு மூச்சே நின்று நின்று வந்தது.

கடைசிப் பக்கங்களில் விடைகள் இருந்தன. நாங்கள் திருட்டுத்தனமாகப் பார்க்கக் கூடாதென்று அம்மா அந்தப் பக்கங்களை ஊசி நூலால் தைத்து மூடியிருந்தாள். நாங்கள் கணக்கை முடித்த பிறகு, எங்களைச் சுவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, நூலை லேசாகத் தளர்த்தி எட்டிப் பார்ப்பாள். "சரி" என்பாள், இல்லாவிட்டால் "தப்பு, திரும்பப் போடு" என்பாள். ஏன் தப்பு என்று சொல்ல மாட்டாள். முன்னால் இருக்கும் மாதிரிக் கணக்கை மறுபடி ஒருமுறை தமிழில் வாசித்துவிட்டு, நீயே யோசி என்பாள். நான்தான் முட்டி மோதிக் கண்டுபிடிப்பேன். என் அறிவை வளர்க்கத்தான் அப்படிச் செய்கிறாள் என்று எனக்கு ஒரே பெருமை.

புத்தகத்தில் இருந்ததெல்லாம் ஆப்பிள், ஆட்டுமந்தை, குதிரை வண்டி. தம்பிக்கு ஆப்பிள் என்றால் என்னவென்றே தெரியாது. அதனால் அம்மா பெயர்களை மாற்றிவிடுவாள். குதிரை வண்டி லோரி ஆகும், உருளைக்கிழங்கு மூட்டை தேயிலைப் பெட்டி ஆகும், எங்கேயோ இருக்கிற சந்தை பக்கத்து ஊர் பிரிஞ்சாங் கடைத்தெரு ஆகும். கொஞ்ச நாளில் எங்களையே மாற்றச் சொன்னாள். அதற்கு ஒரே ஒரு சட்டம்தான். "பேர மாத்து, ஊர மாத்து. நம்பர மட்டும் தொடக்கூடாது" என்பாள். எழுதியதை அன்றன்றைக்கே, அந்திச் செபத்துக்கு முன், கரண்டியால் தேய்த்து அழித்துவிட வேண்டும் என்பது இன்னொரு சட்டம். இரண்டையும் ஒரே நாளில் மீறியவள் நான்.

அந்த நாட்களில் எங்கள் லயத்துக்குக் கீழே வளைவுச் சாலையில் ஜப்பான் லோரிகள் அடிக்கடி போக ஆரம்பித்தன. பெரியவர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்கள். சாலையில் நடந்துபோகும்போது வந்துவிட்டால் நின்று, இடுப்பை வளைத்துக் கும்பிட வேண்டும், வளைவு போதாவிட்டால் கன்னத்தில் அறை விழும். நான் கும்பிட்ட இடத்திலிருந்தே எண்ணினேன். பயத்தில் எண்ணினேன் என்று சொன்னால் நம்புங்கள். எதையாவது எண்ணினால்தான் எனக்குப் பயம் கொஞ்சம் அடங்கும். நாலு லோரி. லோரிக்குப் பதினெட்டு ஆள், ஒருபக்கம் ஒன்பது, மறுபக்கம் ஒன்பது, முழங்காலுக்கு நடுவில் துப்பாக்கி. மூன்று நாள் எண்ணினேன், மூன்று நாளும் அதே நாலு, அதே பதினெட்டு.

அன்றைய பாடத்தில் வண்டிக் கணக்கு வந்தது. மூன்று வண்டி, வண்டிக்கு எட்டு மூட்டை, மொத்தம் நூற்று நாற்பத்து நாலு மூட்டை, எத்தனை நடை போகவேண்டும் என்பது கேள்வி. எனக்கு எட்டும் மூன்றும் சப்பென்று இருந்தது. கண்ணால் கண்ட எண்ணிக்கை கையில் இருக்கும்போது யாரோ எண்ணிய வண்டி எதற்கு? நாலு லோரி, லோரிக்குப் பதினெட்டு ஆள், எல்லாரும் பிரிஞ்சாங் போகவேண்டும் என்று மாற்றினேன். மொத்தத்தை மட்டும் நானே கட்டினேன். மீதி வராமல் இருக்க ஏழு நடை என்று வைத்துக்கொண்டு பின்னாலிருந்து பெருக்கினேன். ஐந்நூற்று நாலு வந்தது. எல்லாம் மனக்கணக்கு. கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட வேண்டுமே! அதனால் ஈயத்தாளில் கூட்டல் பெருக்கல் எதுவும் எழுதவில்லை. "லோரி 4, ஆள் 18, பிரிஞ்சாங், மொத்தம் 504" என்று எழுதி, அடியில் விடையாக 7 என்று போட்டு வட்டமிட்டேன்.

அம்மா நூலைத் தளர்த்திக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள்.

"தப்பு" என்றாள்.

"இல்லம்மா, சரிதான். ஏழு."

"ஆறு வரணும். திரும்பப் போடு."

"நம்பர நான் மாத்திட்டேம்மா. நம்ம ரோட்டுல போற லோரி இது. ஏழுதான் வரும், நீங்களே போட்டுப் பாருங்க."

அம்மாவின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. லோரி என்ற சொல்லால் பயந்துபோனாள் என்று அப்போது நினைத்தேன். அதுவும் இருந்திருக்கும். தொடையில் நறுக்கென்று கிள்ளினாள், நம்பரைத் தொடாதே என்று எத்தனை தடவை சொன்னேன் என்றாள், உடனே அழி என்றாள். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! சரியாகப் போட்டதைத் தப்பு என்றால் எந்தப் பிள்ளைக்குப் பொறுக்கும்? வேறொரு துண்டைக் கரண்டியால் பரபரவென்று தேய்த்து அழித்ததுபோல் காட்டினேன். கணக்கு எழுதிய துண்டை நாலாக மடித்து, சுவரில் தொங்கிய திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகினேன். அந்த நல்ல ஆண்டவர் படத்தை யார் தொடப்போகிறார்கள்? வாத்தியார் ஒருநாள் திரும்பி வருவார், அவரிடம் காட்டி, யார் சரி என்று கேட்க வேண்டும். என் திட்டம் அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து ஜப்பான் லோரி ஒன்றை வளைவில் யாரோ சுட்டார்கள். காட்டுக்குள் இருந்துகொண்டு ஜப்பான்காரனை எதிர்த்த ஆட்கள்தான். எங்களுக்கு வெடிச் சத்தம் மட்டும் கேட்டது, காலை பத்து மணி இருக்கும். மலை முழுக்க அது உருண்டு உருண்டு போயிற்று. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். லோரி வரும் நேரத்தை யாரோ காட்டுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார்கள், லயம் லயமாகச் சோதனை போடுகிறார்கள் என்று சேதி முன்னால் வந்தது.

அம்மா பரணிலிருந்து புத்தகத்தை இழுத்தாள். அடுப்பில் மரவள்ளி வெந்துகொண்டிருந்தது. பானையை இறக்கிவிட்டுப் புத்தகத்தை நெருப்பில் வைத்தாள். புத்தகம் அவ்வளவு சீக்கிரம் எரியாது, தெரியுமா? தடித்த புத்தகம் விளிம்பில் கருகிவிட்டு நடுவில் அப்படியே கிடக்கும். அம்மா கையாலேயே பக்கம் பக்கமாகக் கிழித்துப் போட்டாள். தைத்திருந்த கடைசிப் பக்கங்கள் கிழிய மறுத்தன, பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். பூனை வரைந்த பச்சை அட்டை சுருண்டு சுருண்டு கடைசியாகக் கருகியது. சாம்பலைக் கிளறிவிட்டு மரவள்ளிப் பானையை மறுபடி ஏற்றினாள். விரல் நுனியெல்லாம் கொப்புளம். "ஆண்டவரே, தப்பிச்சோம்" என்று படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டாள். அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பது எனக்கு மட்டும் தெரியும். போய் எடுக்கவேண்டும் என்று நினைத்தேன், நிச்சயம் நினைத்தேன். எடுத்தால் நான் அழிக்காமல் ஏமாற்றியது அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஜப்பான்காரனின் கத்தியைவிட அம்மாவின் கிள்ளல் அந்த நிமிஷத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. பத்து வயதின் லட்சணம் அது.

வாசலில் தம்பி இருமினான். இந்த முறை நிஜமான இருமல் அல்ல.

இரண்டு சிப்பாய்களும் ஒரு ஆபீசரும், அவர்களோடு எங்கள் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியும் வந்தார்கள். ஆபீசருக்குக் கொச்சை மலாய் தெரியும். கிராணி அதைத் தமிழில் மாற்றிச் சொல்லவேண்டும். நாங்கள் எல்லாரும் வெளியே, லயத்துக் கால்வாய் ஓரத்தில் நிறுத்தப்பட்டோம். அப்பாவையும் ஃபேக்டரியிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். உள்ளே பானை உருண்டது, பாய் கிழிந்தது. படம் விழுந்து கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டது. சிப்பாய் வெளியே வந்தபோது அவன் கையில் அந்த ஈயத்தாள் இருந்தது. சாதாரணக் குப்பை போலத்தான் இருந்தது. ஆபீசர் அதைப் பிரித்தார்.

"சியாப்பா தூலிஸ்?" என்றார். யார் எழுதியது என்று கேட்கிறார், அந்த அளவு மலாய் எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. "நான்தான்" என்றார்.

இது என்ன என்று கிராணி கேட்டார். பிள்ளைகளுக்குக் கணக்கு என்றார் அப்பா. ஆபீசர் தாளை அப்பாவின் கையில் திணித்து ஏதோ கத்தினார்.

"கணக்குன்னா போட்டுக் காட்டச் சொல்றாருய்யா" என்றார் கிராணி. "லோரி நாலுன்னு எழுதியிருக்கு, ஆளு பதினெட்டு, மொத்தம் ஐந்நூத்தி நாலுன்னு இருக்கு. நேத்து வரைக்கும் போனது அதே நாலு, அதே பதினெட்டு. ஏழுன்னு வட்டம் போட்டிருக்கே, அது மணியா, நாளான்னு கேக்குறாரு."

அப்பா தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். கிராணி மெல்லக் கை நீட்டி அதை நேராகத் திருப்பி வைத்தார். ஆபீசர் அதைப் பார்த்துவிட்டார். எழுதியவன் இவன் இல்லை, யாரோ எழுதிக் கொடுத்ததை வைத்திருந்தவன் என்று அந்தத் தலைகீழ்த் தாளே சொல்லிவிட்டது. அறை விழுந்தது. அப்பாவின் உதட்டோரம் ரத்தம் கசிந்தது, அதை அவர் துடைக்கவில்லை.

அப்போது அம்மா முன்னால் போனாள். அவருக்கு எழுத்து தெரியாது, நான்தான் வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன், இது பிள்ளைகள் கணக்குதான் என்றாள். புத்தகம் எங்கே என்று கேட்டார்கள். புத்தகம் எங்கே? அரை மணிக்கு முன் இருந்தது. இங்கிலீஷ் புத்தகம் வைத்திருந்த குற்றம் வேறு, ஆனால் அதில் இதே மாதிரி நூறு கணக்குகள் இருந்தன, பார்த்தவுடன் புரிந்திருக்கும். எங்களைக் காப்பாற்றக் கூடிய ஒரே சாட்சியை, எங்களைக் காப்பாற்றுவதற்காகவே அம்மா எரித்துவிட்டாள். புத்தகம் ஏதும் இல்லை, மனதிலிருந்து சொல்லிக் கொடுப்பேன் என்றாள்.

அப்படியானால் நீ போட்டுக் காட்டு என்றார் ஆபீசர். ஒரு கரித்துண்டைக் கொடுத்து, கால்வாய்ச் சிமெண்டில் எழுதச் சொன்னார்கள்.

அம்மா குனிந்து 4 என்று எழுதினாள். 18 என்று எழுதினாள். கொப்புளம் உடைந்த விரலால் கரியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் காத்திருந்தேன். பெருக்குங்கம்மா, பெருக்கி வகுங்கம்மா, இவ்வளவுதானே என்று என் மனது அடித்துக்கொண்டது. அம்மா பெருக்கவில்லை. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

எனக்குத் தெரியும். இரண்டே வரி. தொண்டையைத் திறந்து சொன்னால் போதும். தம்பி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவன் நின்ற இடம் நனைந்துகொண்டிருந்தது. ஆபீசரின் பூட்ஸ் தலைகுனிந்த என் கண்ணுக்கு நேராக இருந்தது. அதில் கயிறு கோக்கும் கண்ணி எத்தனை என்று எண்ண ஆரம்பித்தேன். பன்னிரண்டு. ஒருபக்கம் ஆறு, மறுபக்கம் ஆறு. என் வாய் திறக்கவில்லை.

கிராணிக்கு அந்தக் கணக்கு தெரியாதா? நாள் முழுக்க எண்ணோடு மாரடிக்கிற மனிதர், ஒரு நொடியில் போட்டிருப்பார். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவருக்கும் தெரிந்தால் இவரும் உடந்தை என்று ஆகிவிடும். அவருக்கும் நாலு பிள்ளைகள். வெகுகாலம் நான் அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறேன், வாய் கூசும் வார்த்தையெல்லாம் சொல்லியிருக்கிறேன். பிறகு யோசித்தால் அவர் செய்ததைத்தானே நானும் செய்தேன்.

அம்மா சொன்னதும் பொய் என்று ஆகிவிட்டது, தாளை வைத்திருந்தவர் என்று அப்பா மேல்தான் பழி நின்றது. கிராணி கடைசியில் ஒன்று செய்தார். ஆபீசரிடம் குனிந்து குனிந்து மலாயில் ஏதோ மன்றாடினார். இவன் படிக்காத முட்டாள், நல்ல தச்சன், சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டிருக்கிறீர்களே, பட்டியலில் ஆள் குறைகிறதே, இவனைச் சேர்த்துவிடலாம் என்றாராம். ஆபீசர் அப்பாவின் கையைத் திருப்பி உள்ளங்கைக் காய்ப்பைப் பார்த்தார். சரி என்று தலையசைத்தார். கடிகாரக்காரர் கதி அப்பாவுக்கு வரவில்லை. அம்மா கிராணியின் காலில் விழுந்து நன்றி சொன்னாள். சயாம் என்றால் மூன்று மாத வேலை, வயிற்றுக்கு அரிசிச் சோறு உண்டு என்றுதான் அன்றைக்கு எல்லாரும் நம்பினோம். நல்ல சோறு கிடைக்கும் என்று பக்கத்து வீட்டு அத்தை பொறாமையோடு சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை, பனி விலகுவதற்கு முன்பே, ஏற்றிப் போனார்கள். அப்பா தன் சுத்தியலை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார், விட்டார்கள். என் தலையில் கை வைத்தார். அன்று எத்தனை லோரி போனது என்று நான் எண்ணவில்லை. அதன் பிறகு நெடுநாள் எதையுமே எண்ணவில்லை.

மழை வந்துவிட்டது. மலையில் ஆவணிக்குப் பிறகு வரும் மழை உங்களுக்குத் தெரியும், நாள் முழுக்க ஓயாது. மூன்று மாதம் போயிற்று, ஆறு மாதமும் போயிற்று. சயாம் போனவர்கள் காலராவில் சாகிறார்கள் என்று சேதி வர ஆரம்பித்தது. ஒரு மத்தியானம், முன்பு பாடம் நடக்கும் அதே நேரத்தில், அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"அன்னிக்குப் போட்டியே, லோரிக் கணக்கு. அதப் போட்டுக் காட்டு" என்றாள்.

நான் தரையில் சாம்பலைப் பரப்பி விரலால் போட்டேன். நாலைப் பதினெட்டால் பெருக்கினேன், வந்ததை வைத்து வகுத்தேன். அம்மா ஒவ்வொரு எண்ணையும் உதட்டை அசைத்து வாசித்துக்கொண்டே வந்தாள். ஏழு வந்ததும் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ போட்டதுதான் சரி. எனக்குக் கணக்கு தெரியாதும்மா. வாசிக்கத்தான் தெரியும். பின்னால பாத்துத்தான் சரி, தப்புன்னு சொன்னேன். நம்பர மாத்தினா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிரும். அதான் தொடாதேன்னேன்."

அவள் அப்படி அழுததை நான் முன்னும் பின்னும் பார்த்ததில்லை. நானும் அழுதேன். அன்றைக்கு ஏன் என்னைப் பார்த்தீர்கள், சொல்லச் சொல்லியா, சொல்லாதே என்றா என்று கேட்டேன். "எனக்கே தெரியலம்மா" என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் சொல்லியிருந்தால் லோரியை எண்ணியது யார் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும், நான் வாய் திறக்காததே நல்லதாயிற்று என்று தேற்றினாள். அப்படியும் இருக்கலாம். என் மனது அதை ஏற்றுக்கொண்டதே இல்லை.

சண்டை முடிந்து, வெள்ளைக்காரன் கொடி மறுபடி ஏறி, பள்ளியும் திறந்த பிறகு அப்பா வந்தார். மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து காய்கறி லோரியில் தொற்றிக்கொண்டு வந்து சாலை வளைவில் இறங்கினார். தம்பிக்கு அடையாளம் தெரியவில்லை, பிச்சைக்காரர் என்று நினைத்து உள்ளே ஓடினான். காலில் பெரிய புண், பல் பாதி இல்லை. சுத்தியலும் இல்லை. சயாமைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வந்து ஒரு மாதம் இருக்கும். வெயில் வந்த ஒரு காலையில் வாசலில் கால்புண்ணைக் காயவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டு அருகே உட்காரச் சொன்னார்.

"பாப்பா, அந்த ஏழு எப்படி வந்துச்சு?"

"எந்த ஏழுப்பா?" என்றேன், தெரிந்துகொண்டே.

"ஈயத்தாள்ல எழுதியிருந்தியே. அங்க கட்டை சொமக்கிறப்பல்லாம் அதையே நெனச்சுப் பாப்பேன். நாலு, பதினெட்டு, ஐந்நூத்தி நாலுன்னு கிராணி வாசிச்சது மனசுல நின்னுருச்சு. கூட்டிப் பாத்தேன், கழிச்சுப் பாத்தேன். ஏழு வரவே இல்ல. என்னமோ பெரிய வித்தை போலன்னு விட்டுட்டேன்."

நான் சொன்னேன். நாலு லோரி, லோரிக்குப் பதினெட்டுப் பேர், ஆக ஒரு நடைக்கு எழுபத்திரண்டு பேர். ஐந்நூற்று நாலு பேரும் பிரிஞ்சாங் போய்ச் சேர ஏழு நடை. சொல்லி முடிக்கப் பத்து விநாடிகூட ஆகவில்லை. அன்றைக்குக் கால்வாய் ஓரத்தில் சொல்லியிருந்தாலும் அதே பத்து விநாடிதான் ஆகியிருக்கும்.

அப்பா விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். பல் இல்லாத வாயால் எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு என்று இரண்டு முறை சொல்லிக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கோபம் ஏதும் இல்லை, சத்தியமாக இல்லை. ஆச்சரியம் மட்டும்தான் இருந்தது.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதாம்ப்பா" என்றேன்.